32 பக்கத்துக்கு எழுதிய மனிதர்

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நூலகத்தில் சார்லஸ் டிக்கன்ஸின் கையெழுத்துப் பிரதிகள் பல இருக்கின்றன. நாவலின் பக்கங்களோடு, மாதாமாதம் வெளியான பகுதிகளுக்கு அவர் போட்ட திட்டத் தாள்களும் அங்கே உண்டு. ஒவ்வொன்றையும் படுக்கைவாட்டில் வைத்து நடுவே மடித்திருப்பார். இடது பாதி முழுக்கத் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகள். இந்த மாதம் இவர் வரவேண்டுமா? அந்த ரகசியத்தை இப்போதே உடைக்கலாமா? பக்கத்திலேயே பதில்: ஆம். இல்லை. இப்போது வேண்டாம். வலது பாதியில் அந்த மாதப் பகுதியின் எண், அத்தியாயத் தலைப்புகள், ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று ஓரிரு வரி. 'ப்ளீக் ஹவுஸ்' நாவலின் 15-ஆம் பகுதிக்கான தாளில் ஜோ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதையடுத்து 'ஆம்'. அதையடுத்து 'கொன்றுவிடு'.

ஜோ தெருக்கூட்டும் அநாதைச் சிறுவன். அவன் சாகும் பக்கங்கள் இன்றைக்கும் தொண்டையை அடைக்கும். அந்தச் சாவு இப்படி ஒரு தாளில், இரண்டு சொல்லில் முடிவாகியிருக்கிறது.

டிக்கன்ஸைப் பற்றிப் பேசும்போது பலரும் அவரைக் காட்டாறு என்பார்கள். கொட்டித் தீர்த்தவர், உணர்ச்சிவசப்பட்டு எழுதியவர், அளவு தெரியாதவர் என்பார்கள். உணர்ச்சிவசப்பட்டது உண்மைதான். ஆனால் அளவு தெரியாதவர் என்பதை ஒப்புக்கொள்ளவே முடியாது. இத்தனை பக்கம், இத்தனை தேதி, இத்தனை படம் என்று அளந்துகொண்டே 34 வருடம் கதை சொன்னவர் அவர். அவருடைய கற்பனையின் நல்ல குணங்களில் பாதி அந்த அளவு கொடுத்தவை. பலவீனங்களில் சிலவும் அங்கிருந்தே வந்தவை.

முதலில் கணக்கு. அவருடைய பெரிய நாவல்கள் பெரும்பாலும் மாதம் ஒரு பகுதியாக வந்தன. ஒரு பகுதி 32 பக்கம் அச்சு, தனித் தாளில் 2 படம், மெல்லிய காகித அட்டை, முன்னும் பின்னும் விளம்பரம். விலை 1 ஷில்லிங். 19 மாதம் வரும். கடைசி மாதம் இரட்டைப் பகுதி: 48 பக்கம், 4 படம், 2 ஷில்லிங். 18 பகுதிக்கு 576 பக்கம், அதோடு 48, மொத்தம் 624. 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' முதல் பதிப்பு அவ்வளவுதான் இருக்கும். அந்தக் காலத்தில் மூன்று தொகுதியாக வரும் ஒரு புது நாவலுக்கு 31 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுக்கவேண்டும். டிக்கன்ஸின் நாவல் 20 ஷில்லிங்குக்கு, அதுவும் தவணையில், கிடைத்தது. கையில் மொத்தப் பணம் இல்லாதவர்களும் புது நாவல் வாங்கிப் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

ஒரு பகுதி என்றால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 18,000 சொல். வழக்கமாக மூன்று அத்தியாயம். அவர் கையெழுத்தில் சுமார் 30 தாள், வாத்து இறகுப் பேனாவால் பொடிப்பொடியாக எழுதியது. பிற்காலத்தில் மை நீலம். மாதக் கடைசி நாளில் பகுதி கடைக்கு வந்தாகவேண்டும். அதற்கு முன் அச்சுக் கோர்த்து, ப்ரூஃப் பார்த்து, திருத்தி, அச்சடித்து, தைக்கவேண்டும். ஆகவே மாதத்தின் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எழுதி முடிப்பார். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் 2 மணி வரை யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒரு வீட்டில் குடியிருந்தபோது சத்தம் வராமலிருக்க எழுதும் அறைக்கு இன்னொரு கதவு போட்டார். பிற்பகலில் நடை, மணிக்கணக்காக.

இந்த 32 பக்க அளவு பிறந்த கதை விசித்திரமானது. 1836-இல் சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் ராபர்ட் சீமோர் என்ற ஓவியருடைய படங்களுக்கு வாசகம் எழுத 24 வயது டிக்கன்ஸைப் பிடித்தது. அதுதான் 'பிக்விக் பேப்பர்ஸ்'. ஆரம்பத்தில் மாதம் 24 பக்கம், 4 படம். படத்துக்குத்தான் மரியாதை, எழுத்து அதற்குத் துணை. இரண்டாம் பகுதி வெளிவருமுன் சீமோர் தற்கொலை செய்துகொண்டார். மூன்றாம் பகுதியிலிருந்து படம் இரண்டாகக் குறைந்தது, எழுத்து 32 பக்கமாகக் கூடியது. வேறொரு ஓவியர் வந்துபோன பிறகு ஹாப்லோ நைட் ப்ரௌன் வந்தார், 'ஃபிஸ்' என்ற புனைபெயரில். நான்காம் பகுதியில், 10-ஆம் அத்தியாயத்தில், ஒரு விடுதி முற்றத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வந்தான், வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். முதல் பகுதிக்கு 400 பிரதி கட்டியவர்கள் கடைசியில் 40,000 பிரதி விற்றார்கள்.

ஓவியர் விஷயத்தைச் சாதாரணமாகக் கடந்துபோகிறார்கள். அது கதையின் உள்ளே வேலை செய்த விஷயம். ஃபிஸ் படத்தை எஃகுத் தகட்டில் செதுக்கவேண்டும்: தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிடும் வேலை. விற்பனை அதிகமானால் தகடு தேயும், அதே படத்தை இன்னொரு தகட்டில் மறுபடி செய்யவேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால் அத்தியாயம் எழுதி முடியும் வரை ஓவியர் காத்திருக்க முடியாது. டிக்கன்ஸ் அந்த மாதத்தின் இரண்டு காட்சிகளை முன்கூட்டியே தேர்ந்து, யார் எங்கே நிற்கிறார், முகம் எப்படி என்று எழுதி அனுப்புவார். அதாவது எழுதுமுன்பே அவர் கண்ணுக்கு அந்த இரண்டு காட்சியும் மேடைபோலத் தெரிந்தாகவேண்டும். தவறினால் கொதிப்பார். 'டாம்பி அண்ட் சன்' நாவலில் பால் என்ற குழந்தையும் கிழவி பிப்சின் அம்மாளும் கணப்படுப்பின் பக்கத்தில் இருக்கும் படம் வந்தபோது, பாலின் குட்டிச் சாய்வு நாற்காலியைப் பற்றித் தான் ஒரு தடவைக்கு மேல் எழுதியிருக்கிறேனே, அவன் அதில் உட்கார்ந்து மூலையிலிருந்து கிழவியை அண்ணாந்து பார்க்கவேண்டாமா என்று நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மனம் நொந்து எழுதினார். நாற்காலியின் உயரம் பற்றிய சண்டை அது. ஆனால் சின்ன நாற்காலி, கீழிருந்து மேலே பார்க்கும் கண் இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் குழந்தையின் கிழட்டு அறிவு நமக்குப் பிடிபடுகிறது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதென்றால் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' பார்க்கவேண்டும். 1849 மே முதல் 1850 நவம்பர் வரை வந்தது. இன்றைய பதிப்புகளில் 64 அத்தியாயம் வரிசையாக ஓடும். எங்கே ஒரு மாதம் முடிந்தது என்று பல பதிப்புகளில் தெரியாது. தெரிந்துகொண்டு படித்தால் வேறு புத்தகம்.

முதல் பகுதி அத்தியாயம் 1 முதல் 3 வரை. டேவிட் பனிக்குட உறையோடு பிறக்கிறான். அது கையில் இருப்பவர் தண்ணீரில் மூழ்கிச் சாகமாட்டார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. விளம்பரம் கொடுத்து அதை விற்கப் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு கிழவிக்குக் குலுக்கலில் விழுகிறது. தண்ணீர் பக்கமே போகாத அவள் 92 வயதில் படுக்கையில் சாகிறாள். படிக்கும்போது சிரிப்பு வரும். மூன்றாம் அத்தியாயத்தில் யார்மத் கடற்கரையில் படகையே வீடாக்கிக்கொண்ட குடும்பம். அங்கே ஹாமின் அப்பா கடலில் போனவர், எமிலியின் அப்பாவும் கடலில் போனவர். சின்னப் பெண் எமிலி தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் மேல் ஓடிக் காட்டுகிறாள். அன்றைக்கே அவள் கடலோடு போயிருந்தால் நன்றாயிருந்திருக்குமோ என்று கதை சொல்பவன் ஒரு நொடி நினைத்துவிட்டு நகர்கிறான். ஏன் அப்படி நினைத்தான் என்று வாசகருக்கு உறைக்க 10-ஆம் பகுதியின் கடைசி அத்தியாயம் வரவேண்டும், அதாவது 1850 பிப்ரவரி. டேவிட்டின் நண்பன் ஸ்டீர்ஃபோர்த்தோடு எமிலி வீட்டைவிட்டுப் போகிறாள். அந்தக் கடல் திரும்பி வந்து ஹாமையும் ஸ்டீர்ஃபோர்த்தையும் ஒரே புயலில் எடுத்துக்கொள்வது 55-ஆம் அத்தியாயத்தில், 1850 அக்டோபரில். முதல் மாதம் சிரித்துக்கொண்டே போட்ட விதை 17 மாதம் கழித்து முளைக்கிறது.

அந்த முதல் பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். யார்மத்திலிருந்து டேவிட் வீடு திரும்புகிறான். அம்மா மர்ட்ஸ்டனை மணந்துகொண்டுவிட்டாள். படுக்கை வேறு அறைக்கு மாறிவிட்டது. பழையபடி ஏதாவது இருக்கிறதா என்று தேடிக் கொல்லைப்புறம் போகிறான். எப்போதும் காலியாகக் கிடந்த நாய்க்கூண்டில் மர்ட்ஸ்டனைப் போலவே கறுப்பு முடியோடு ஒரு பெரிய நாய். இவனைக் கண்டதும் பாய்கிறது. அவ்வளவுதான், 32 பக்கம் தீர்ந்தது. மாற்றாந்தகப்பன் கொடுமைக்காரன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் வரை அந்த நாய் வாசகர் மனதில் குரைத்துக்கொண்டே இருக்கும். முதல் அத்தியாயத்திலோ இரண்டாவதிலோ அந்தக் கூண்டு காலி என்று சொல்லி வைக்காமல் இருந்திருந்தால் இந்த முடிவு பலித்திருக்காது. காலிக் கூண்டு இரண்டாம் அத்தியாயத்திலேயே போகிறபோக்கில் வந்துவிடுகிறது.

மூன்றாம் பகுதி அம்மாவின் சாவோடு முடிகிறது. நான்காம் பகுதியில்தான் 11-ஆம் அத்தியாயம், டேவிட் மர்ட்ஸ்டன் அண்ட் க்ரின்பி கிடங்கில் பாட்டில் கழுவும் இடம். டிக்கன்ஸ் வாழ்க்கையில் நடந்தது அது. 1824-இல், 12 வயதில், அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் இருக்க, வாரம் 6 ஷில்லிங் கூலிக்கு ஒரு பூட் பாலிஷ் தொழிற்சாலையில் மைச் சட்டிகளுக்குக் காகிதம் கட்டி லேபிள் ஒட்டினார். இதை ஃபார்ஸ்டரிடம் தவிர வெளியில் சொன்னதில்லை. தன் வரலாறாக எழுதிப் பாதியில் நிறுத்தி வைத்திருந்ததை எடுத்து இங்கே சேர்த்தார். சேர்க்கும்போது செய்த மாற்றங்களில்தான் கற்பனை இருக்கிறது. பாலிஷ் சட்டி மதுப் பாட்டிலானது. உண்மையான அப்பாவின் கடனும் பேச்சும் டேவிட் தங்கும் வீட்டுக்காரர் மிஸ்டர் மிக்காபருக்குப் போய்விட்டன. டேவிட்டுக்கு அப்பாவே இல்லை. தன்னைக் கைவிட்டவர் மேல் இருந்த கசப்பு மர்ட்ஸ்டனுக்கு, மிச்சமிருந்த பாசம் மிக்காபருக்கு என்று ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்துவிட்டார். கசப்பும் பாசமும் ஒரே பாத்திரத்தின் மேல் விழுந்திருந்தால் மிக்காபரைப் பார்த்து நாம் சிரித்திருக்க முடியாது.

மாதத் தொடருக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. 'தொடரும்' என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அது புரியும். போன மாதம் படித்தவருக்கு இந்த மாதம் யார் யார் என்று நினைவிருக்காது. நாவலில் 50 பேர் உலவுவார்கள், சிலர் நாலு மாதம் காணாமல் போய்விட்டு வருவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம்: ஒரு சொல், ஓர் அசைவு, உடம்பில் ஒன்று. 'டாம்பி' நாவலின் கார்க்கருக்குப் பல். உரையா ஹீப்புக்கு ஈரக் கையும் 'நான் எளியவன்' என்ற பல்லவியும். மிக்காபருக்கு ஏதாவது ஒன்று வந்து வாய்க்கும் என்ற நம்பிக்கை. இதை வைத்து டிக்கன்ஸின் மனிதர்கள் பொம்மைகள் என்று சொல்லும் விமர்சனம் பழையது. பல இடங்களில் அது சரியும்கூட. ஆனால் நல்ல இடங்களில் அந்த அடையாளத்தை அவர் செலவழிக்கிறார். ஹீப் 15-ஆம் அத்தியாயத்தில் வருகிறான், 1849 செப்டம்பர். அன்றிலிருந்து எளியவன், எளியவன் என்று காது புளிக்கச் சொல்கிறான். 52-ஆம் அத்தியாயத்தில் மிக்காபர் அவன் பித்தலாட்டத்தைப் போட்டு உடைக்கும்போது அந்தப் பல்லவி சட்டென்று நின்றுபோகிறது, அடியிலிருந்த வெறுப்பு அப்படியே வெளியே வருகிறது. அது 1850 செப்டம்பர். சரியாக ஒரு வருடம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வைத்தது அது இல்லாமல் போகும் ஒரு காட்சிக்காக.

ஒரு பகுதிக்குள் மூன்று அத்தியாயத்தை அடுக்குவதும் தனிக் கலை. மேலே சொன்ன ஜோ சாகும் 15-ஆம் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். 1853 மே, அத்தியாயம் 47 முதல் 49. முதலில் ஜோவின் சாவு. அடுத்த அத்தியாயத்தின் முடிவில் வக்கீல் டல்கிங்ஹார்ன் தன் அறையில் சுடப்பட்டுக் கிடக்கிறார். ஒரே மாதத்தில் இரண்டு பிணம். மூன்றாவதில் என்ன வைக்கிறார்? பாக்னெட் வீட்டில் அம்மாவுக்குப் பிறந்தநாள் விருந்து. கணவரும் பிள்ளைகளும் சமைக்கிறேன் என்று கோழியைப் பாழாக்குகிறார்கள். நாம் மூச்சுவிட்டுச் சிரிக்கிறோம். விருந்துக்குத் துப்பறியும் பக்கெட் வருகிறார், குழந்தைகளோடு கொஞ்சுகிறார், பாட்டு கேட்கிறார். வெளியே போனதும் அதே சிரித்த முகத்தோடு, விருந்துக்கு வந்திருந்த நண்பர் ஜார்ஜைக் கொலைக் குற்றத்துக்குக் கைது செய்கிறார். விருந்து இல்லாமல் நேராகக் கைது வந்திருந்தால் மூன்றாவது இடி முதல் இரண்டில் கரைந்துபோயிருக்கும்.

வாரத் தொடர் அவருக்கு இன்னும் கஷ்டம். 1854-இல் தன் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழுக்காக 'ஹார்ட் டைம்ஸ்' ஆரம்பிக்குமுன் திட்டத் தாளில் ஒரு கணக்குப் போட்டுவைத்தார். தன் கையெழுத்தில் 15 பக்கம் எழுதினால் 'ப்ளீக் ஹவுஸ்' அளவில் 16 பக்கம் அச்சு. ஒன்றரைப் பக்கம் எழுதினால் வார இதழில் ஒரு பக்கம். வாரத்துக்கு இதழில் 5 பக்கம், ஆகவே ஏழரைப் பக்கம் எழுதவேண்டும். 20 வாரம். மாதப் பகுதியில் ஒரு தெருவை, ஒரு பேச்சை விரிக்க இடம் இருந்தது; இங்கே ஒரு சம்பவம் முடிவதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். இட நெருக்கடி நசுக்குகிறது என்றே புலம்பினார். அந்த நாவல் வறட்டலாக இருக்கிறது என்பவர்கள் இந்த ஏழரைப் பக்கத்தையும் கணக்கில் வைக்கவேண்டும்.

ஆனால் அதே நெருக்கடி 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு வரமானது. 20 மாதப் பகுதியாக எழுத நினைத்த கதை அது. 1860-இல் அவருடைய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவர் தொடரால் விற்பனை சரிந்தது. கதையை அங்கே கொண்டுவந்தார்: 1860 டிசம்பர் 1 முதல் 36 வாரம். ஒருவனே தன் கதையைச் சொல்வதால் கிளைக்கதைகளுக்கு வழியில்லை, இடமும் இல்லை. அவர் எழுதியதிலேயே கட்டுக்கோப்பானது அதுதான் என்பது என் கணிப்பு. அதற்கான குறிப்புகளில் பாத்திரங்களின் வயதுப் பட்டியல் இருக்கிறது. பழுப்பேறிய கல்யாண உடையில் மக்கிப்போன கிழவியாக நம் மனதில் உட்கார்ந்திருக்கும் மிஸ் ஹாவிஷாமுக்கு அதில் போட்ட வயது 56. கைதி மாக்விச்சைப் படகில் ஏற்றித் தப்பவைக்கப் பார்க்கும் காட்சிக்காகத் தேம்ஸ் நதியின் ஏற்றவற்ற நேரங்களும் குறிப்பில் உண்டு. அதை எழுதுமுன் 1861 மே மாதம் ஒரு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்து பிளாக்வாலிலிருந்து சவுத்எண்ட் வரை குடும்பத்தோடும் நண்பர்களோடும் போய்வந்தார். கூட வந்தவர்களுக்கு உல்லாசப் பயணமாகத் தெரிந்திருக்கும். அவர் கரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசகியவையும் உண்டு, அவற்றிலிருந்துதான் பட்டறை நன்றாகத் தெரிகிறது. 'டாம்பி' முதல் பகுதி ஏறக்குறைய 6 பக்கம் கூடிப்போயிற்று. ஓர் அத்தியாயத்தையே அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று தவித்து, கடைசியில் ப்ரூஃபில் வெட்டினார். 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் அவர் இருந்த பெட்டி பாலத்திலிருந்து தொங்கியது. அடிபட்டவர்களுக்கு உதவிவிட்டுத் திரும்ப ஏறிப்போய் 'அவர் ம்யூச்சுவல் ஃப்ரெண்ட்' 16-ஆம் பகுதியின் கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்தார். அந்தப் பகுதி பிறகு இரண்டரைப் பக்கம் குறைவாக வந்தது. 'பிக்விக்' காலத்துக்குப் பிறகு இப்படி ஆனதில்லை என்று எழுதினார். கடைசி நாவல் 'எட்வின் ட்ரூட்' முதல் இரண்டு பகுதியும் சேர்ந்து 12 பக்கம் குறைந்துபோயின. இரண்டாம் பகுதியிலிருந்து ஓர் அத்தியாயத்தை முதல் பகுதிக்கு மாற்றி, இரண்டாவதைத் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. தன் கையெழுத்து எத்தனை அச்சுப் பக்கம் ஆகும் என்று கண்ணாலேயே அளந்த மனிதருக்கு உடம்பு தளர்ந்ததும் முதலில் தவறியது அந்த அளவுதான்.

வாசகர் கதைக்குள் கைவைத்ததும் நடந்தது. 'மார்ட்டின் சஸல்விட்' மந்தமாக, 20,000 பிரதி அளவில் விற்றபோது நாயகனைத் திடீரென்று அமெரிக்காவுக்கு அனுப்பினார். விற்பனை கொஞ்சம்தான் ஏறியது. 'காப்பர்ஃபீல்டில்' மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண் 1849 டிசம்பர் பகுதியில் சூழ்ச்சிக்கு உடந்தையானவள்போல வந்தாள். அவள் தன்னைப் பார்த்து வரைந்த உருவம் என்று அதே உடலமைப்புள்ள பெண்ணொருவர் மனம் வெந்து எழுதினார். டிக்கன்ஸ் மன்னிப்புக் கேட்டார், 32-ஆம் அத்தியாயத்தில் அவளை நல்லவளாக்கினார். இரண்டு அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். கதைக்கு அது நஷ்டம். ஆனால் மாற்றிய மனிதரை நான் மதிக்கிறேன்.

இன்னொரு கோளாறு மொழியில். உணர்ச்சி மேலிட்டால் அவர் உரைநடை தானாகவே ஆங்கிலச் செய்யுள் சந்தத்தில் ஓட ஆரம்பித்துவிடும். 'ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்' நாவலில் நெல் என்ற சிறுமி சாகும் பக்கங்களை வரிவரியாக உடைத்தால் செய்யுளாகவே நிற்கும். மனம் தீவிரமாகும்போது தன்னையறியாமல் அப்படி ஆகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். நெல்லின் சாவைவிட ஜோவின் சாவு நம்மை அதிகம் உலுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜோவின் பேச்சு கொச்சை. அதில் சந்தம் ஏற இடமில்லை.

பேச்சு அவருக்கு உடம்போடு சேர்ந்தது. மகள் மேமி நோயிலிருந்து தேறிவந்த சமயம் அவர் எழுதும் அறையில் சோபாவில் படுத்திருந்தாள். டிக்கன்ஸ் திடீரென்று எழுந்து கண்ணாடி முன் ஓடி முகத்தைக் கோணல்மாணலாக வளைத்தார், திரும்பி வந்து வேகமாக எழுதினார், மறுபடி கண்ணாடிக்குப் போனார், பிறகு மெல்லிய குரலில் படபடவென்று பேசினார். மகள் அங்கிருப்பதே நினைவில்லை. அந்த முகம் நடித்துப் பார்த்த பிறகே தாளுக்கு வந்தது.

பெயரும் அப்படித்தான், வாயில் போட்டுப் பார்த்த பிறகே நிற்கும். ஸ்வீஸல்டன், ஸ்வீஸல்பாக், ஸ்வீஸல்வாக், சஸல்டோ, சஸல்பாய், சபல்விக், சஸல்விக் என்று போய்க் கடைசியில் சஸல்விட். ட்ராட்ஃபீல்ட், காப்பர்பாய், காப்பர்ஸ்டோன் வழியாகத்தான் காப்பர்ஃபீல்ட் கிடைத்தது. அந்தப் பெயரின் முதலெழுத்துகள் சார்லஸ் டிக்கன்ஸைத் திருப்பிப் போட்டவை என்று ஃபார்ஸ்டர் காட்டியபோது அவரே திடுக்கிட்டார். 'கிறிஸ்துமஸ் கரோல்' கையெழுத்துப் பிரதியில் டைனி டிம் என்ற சிறுவனின் பெயர் முதலில் குட்டி ஃப்ரெட். அவன் சாகவில்லை என்று அழுத்திச் சொல்லும் வரி பிரதியில் கிடையாது. அச்சுக்குப் போன பிறகு சேர்த்தது.

1846-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் உட்கார்ந்து 'டாம்பி' ஆரம்பித்தபோது எழுத்து நகரவில்லை. ஏரி இருக்கிறது, மலை இருக்கிறது, அமைதி இருக்கிறது. தெருவும் கூட்டமும் இல்லை. இரவில் லண்டன் தெருக்களில் நடப்பது தனக்கு மாயவிளக்குப் படம் பார்ப்பது மாதிரி, அது இல்லாமல் நாளெல்லாம் எழுதுவது மகா பாடு என்று எழுதினார். எழுத அமைதியான இடம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

'டேவிட் காப்பர்ஃபீல்டை' மாதக் கணக்கில் படிக்க விரும்புகிறவர்கள் இந்த அத்தியாயங்களின் முடிவில் நிறுத்துங்கள்: 3, 6, 9, 12, 15, 18, 21, 24, 27, 31, 34, 37, 40, 43, 46, 50, 53, 57. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், ஒரு மாதம் முடிந்தால் இன்னும் நல்லது. மூன்றாம் அத்தியாயத்து நாயைத் தாண்டி உடனே நான்காவதைத் திறக்காதீர்கள். 31-க்கும் 53-க்கும் பிறகு கை தானாகவே நின்றுவிடும். 58 முதல் 64 வரை கடைசி இரட்டைப் பகுதி. அதை ஒரே மூச்சில் படிக்கலாம், அன்றைய வாசகர்களுக்கும் அது ஒரே நாளில்தான் கையில் கிடைத்தது.